மண்ணெண்ணெய்க் காரும் ஹைபிரிட் காரும்: ஒரு வாகனத்தின் ஆயுள்

கனடாவில் வாழும் பழைய சகபாடி ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். ஹைபிரிட் எஸ்யூவி ஒன்றை வாங்கும் எண்ணம் அவருக்கு. "நீர் பத்து வருஷமாய் ஒண்டு வைச்சிருக்கிறீர். உண்மையைச் சொல்லும், உது நிண்டு பிடிக்குமோ?" என்று கேட்டார். எழுதி அனுப்புகிறேன் என்றேன். பத்திரிகையில் ஆயுளைக் கழித்தவனிடம் ஒரு சொல்லில் பதில் எதிர்பார்ப்பது தவறு என்பதை அவர் அறிவார். அந்தப் பதிலே இக்கட்டுரை.

இரண்டு சக்திகளால் ஓடும் கார் இந்நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது மோட்டார் வாகன வரலாற்றின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. 1900ஆம் ஆண்டில் வியன்னாவின் லோனர் நிறுவனத்தில் பணியாற்றிய இளம் பொறியியலாளர் பேர்டினன்ட் போர்ஷே, பெற்றோல் இயந்திரத்தால் மின்சாரம் பிறப்பித்து, சக்கரங்களிலேயே பொருத்திய மோட்டார்களால் ஓடும் வண்டியொன்றை உருவாக்கினார். 'செம்பர் விவஸ்' என்று அதற்குப் பெயர். 'என்றும் உயிருள்ளது' என்பது அந்த லத்தீன் பெயரின் பொருள். வண்டி நிலைக்கவில்லை. பெற்றோல் மலிவாகி, இயந்திரங்கள் இலேசானபோது, பாரமான மின்கலங்களைச் சுமப்பதற்கான தேவை அற்றுப்போயிற்று.

அந்த எண்ணம் மீண்டும் உயிர்பெற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. 1997 டிசெம்பரில் ஜப்பானில் ரொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தது. பெருந்தொகையில் உற்பத்தியான முதல் ஹைபிரிட் கார் அதுவே. 2004இல் அமெரிக்காவின் போர்ட் நிறுவனம் எஸ்கேப் ஹைபிரிட் என்ற முதல் ஹைபிரிட் எஸ்யூவியை வெளியிட்டது. மறு ஆண்டில் லெக்சஸ் ஆர்எக்ஸ் 400எச், ரொயோட்டா ஹைலாண்டர் ஆகியவை தொடர்ந்தன.

மின்கலம் மூன்று நான்கு ஆண்டுகளில் செத்துவிடும் என்ற பேச்சு அன்று எங்கும் இருந்தது. அதற்குப் பதில் வாடகைக் கார்ச் சாரதிகளிடமிருந்து வந்தது. நியூயோர்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் எஸ்கேப் ஹைபிரிட்கள் வாடகைக் கார்களாக இரவு பகலாக ஓடின. சான் பிரான்சிஸ்கோவில் சில 3 லட்சம் மைல்களைத் தாண்டின. 2011இல் அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை, 2 லட்சம் மைலுக்கு மேல் ஓடிய 2002ஆம் ஆண்டுப் பிரியஸ் ஒன்றைப் பரிசோதித்தது. பத்தாண்டுகளுக்கு முன்னர் புதிய காரில் பெற்ற எரிபொருட் சிக்கனத்துக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை.

காரணம் எளிது. ரொயோட்டா அமைப்பில் தேய்ந்துபோகும் கிளச்சு இல்லை. தனியான ஸ்ராற்றர் மோட்டாரும் ஒல்ரனேற்றரும் இல்லை. ஒரு பற்சக்கரத் தொகுதி, இயந்திரத்தையும் இரு மின் மோட்டார்களையும் எப்போதும் இணைத்து வைத்திருக்கின்றது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறுவதால் பிரேக் கட்டைகளும் நீண்டகாலம் உழைக்கின்றன. மின்கலத்தை முற்றாக நிறையவோ முற்றாக வடியவோ கணினி விடுவதில்லை. வயிறு முட்ட உண்ணாமலும் பட்டினி கிடக்காமலும் வாழ்பவரைப்போல அது நீண்ட ஆயுளைப் பெறுகின்றது.

எல்லா ஹைபிரிட்களும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். 2013இல் ஜப்பானில் வந்த ஹொண்டா பிட் ஹைபிரிட், இரட்டைக் கிளச்சுக் கியர் அமைப்பைக் கொண்டிருந்தது. சற்று அதிகமான ஓராண்டுக்குள் ஐந்து தடவைகள் அதனைத் திருத்தத்துக்காகத் திருப்பியழைக்க நேர்ந்தது. 2014 ஒக்ரோபரில் நிறுவனத்தின் உயர் அதிகாரிகள் தம் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டனர்.

இனி எம் நாட்டுக்கு வருகின்றேன். 2010களில் ஹைபிரிட் வாகனங்களுக்கு இங்கு விதிக்கப்பட்ட இறக்குமதித் தீர்வை ஏனையவற்றைவிடக் குறைவாக இருந்தது. ஜப்பானில் ஓரிரு வருடங்கள் ஓடிய கார்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் தீர்வை குறையும், அடுத்ததில் ஏறும். 2015இல், என் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து நடுத்தர எஸ்யூவி ஒன்றை வாங்கினேன். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஏ-9 வீதியில் மாதம் இருமுறையேனும் போய்வர அது எனக்கு அவசியமாயிருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து வருடங்கள் நாடு முழுவதும் பழைய வாகனங்களையே நம்பியிருந்தது. இடையில் 2022 வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. பின்னர் அதுவும் கிடைக்கவில்லை. வரிசையில் காத்துநின்ற முதியவர்கள் சிலர் அங்கேயே உயிரிழந்தனர். ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் நடைமுறைக்கு வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தது. அந்த 20 லீற்றருடன் என் வாகனம் ஓடிய தூரத்தைக் கண்டு அயலவர்கள் வியந்தனர். ஆயினும் பெற்றோல் அடியோடு இல்லாத நாட்களில் அதுவும் முற்றத்திலேயே நின்றது. மின்கலத்தில் மட்டும் ஓரிரு கிலோமீற்றருக்கு மேல் அது செல்லாது.

அந்த நாட்களில் எனக்கு 1990 நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, வானொலிக்குப் பற்றரியும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டோம். மாமாவின் பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார் மண்ணெண்ணெயில் ஓடிற்று. சிறு போத்தலில் பொக்கிஷம்போல வைத்திருந்த பெற்றோலைச் சில துளிகள் காபறேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்புவர். அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகை தெருவை மூடும், கண் எரியும். எனினும் பிரசவ வலியுடன் துடித்த பெண்களையும் ஷெல் பட்டவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றவை அந்தக் கார்களே. பழைய இயந்திரங்களின் அழுத்த விகிதம் குறைவாக இருந்ததனால்தான் அந்தத் தரக்குறைவான எரிபொருளை அவை தாங்கின. இரண்டு எரிபொருட்களுக்கிடையே மாறி மாறி ஓடும் காரை நாம் அன்றே அறிந்திருந்தோம். அதற்கு ஹைபிரிட் என்று பெயர் வைக்கத்தான் எமக்குத் தெரிந்திருக்கவில்லை.

சென்ற ஆண்டு, வவுனியாவைத் தாண்டியபோது என் வாகனத்தில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கராஜ் ஒன்றில் காட்டினேன். மின்கலத் தொகுதி முடிந்துவிட்டது, முழுவதையும் மாற்றவேண்டும் என்றனர். அவர்கள் கூறிய தொகை, நான் ஒரு வருடம் எழுதிச் சம்பாதிப்பதைவிட அதிகம். விற்கவும் முடியாது. விளக்கு எரியும் ஹைபிரிட்டை வாங்குவோர் எவர்? அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. சேமலாப நிதி முழுவதும் முற்றத்தில் இரும்பாக நிற்பது போன்ற உணர்வு.

கொக்குவிலில் சிறிய கராஜ் வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுசென்றேன். தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க் கார்களைத் திருத்திய கை அது. இப்போது அவரது மருமகன் கணினியை இணைத்துப் பார்க்கின்றார். முதலில் அவர்கள் பின் ஆசனத்தின் அடியிலிருந்த காற்றுத் துவாரத்தைக் கழற்றினர். உள்ளே விசிறி முழுவதும் தூசியும் மயிரும் பஞ்சும் அடைத்திருந்தன. மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்று அந்த வழியாகவே செல்லவேண்டும். நானோ ஒன்பது வருடங்களாக அந்தத் துவாரத்தின் முன்னே அரிசி மூட்டையையும் பேரப்பிள்ளைகளின் பைகளையும் அடுக்கிவந்திருக்கிறேன். "ஐயா, பற்றரிக்கு மூச்சு முட்டியிருக்கு" என்றார் முதியவர்.

தடித்த இறப்பர்க் கையுறை அணிந்து, உயர் அழுத்தத் தொடுப்பைத் துண்டித்து, சற்றுநேரம் காத்திருந்த பின்னரே மருமகன் தொகுதியைத் திறந்தார். 200 வோல்ற்றுக்கு மேற்பட்ட நேர் மின்னோட்டம் அது. அறியாமல் கைவைத்தால் உயிர் போகும். வெப்பத்தில் நலிந்த மூன்று பகுதிகளை மட்டும் மாற்றினார். செலவு, முதலிற் சொன்ன தொகையில் ஆறிலொரு பங்கு. "இது நிரந்தரமில்லை. பழசோட புதுசு சேர்ந்தால் கொஞ்ச நாளையில் இன்னொண்டு போகும்" என்றும் ஒளிக்காமற் சொன்னார். வாகனம் இன்றும் ஓடுகின்றது. அடுத்த தடவை முழுத் தொகுதியையும் மாற்றுவதற்காக மாதந்தோறும் சிறு தொகையை ஒதுக்கி வருகின்றேன்.

எனவே நண்பருக்கு என் பதில் இது. வாங்கலாம், நின்று பிடிக்கும். காற்றுத் துவாரத்தை மறைக்க வேண்டாம், வடிகட்டியை ஆண்டுதோறும் சுத்தம் செய்விக்கவும். மின்மாற்றியின் குளிர்நீரை உரிய காலத்தில் மாற்றவும். சிறிய 12 வோல்ற் பற்றரியை மறக்கவேண்டாம், அது இறந்தால் பெரியது இருந்தும் வாகனம் கிளம்பாது. பழையதாயின் பராமரிப்புப் பதிவேட்டைப் பார்க்காமற் பணம் கொடுக்கவேண்டாம்.

அவருக்கு உத்தரவாதமும் உதிரிப்பாகமும் அருகிலேயே உண்டு. இங்கோ வாகனத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது ஒரு வர்த்தமானி அறிவித்தல், ஒரு வரவுசெலவுத் திட்டம், ஒரு கப்பல். அவற்றை மாற்றும் வல்லமை எமக்கில்லை. எமக்கு எஞ்சியிருப்பது திருத்தத் தெரிந்த கைகள். 1990இல் எம்மைக் காப்பாற்றியவையும் அவையே. ஊர்க் கராஜ்களில் உயர் அழுத்த மின்சாரத்தோடு உயிரைப் பணயம் வைத்து வேலை செய்யும் இளைஞர்களுக்கு முறையான பயிற்சியும் பாதுகாப்பு உபகரணங்களும் கிடைக்கவேண்டும். இறக்குமதித் தீர்வையைப் பற்றிப் பேசும் அளவுக்கு எவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.