வாவிக்கரைக்கு வந்த டிவி கேம்

1983 ஜூலை 15ஆம் திகதி ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ‘ஃபாமிகொம்’ என்ற விளையாட்டுப் பெட்டியைக் கடைகளுக்கு அனுப்பியது. விலை 14,800 யென். வெள்ளையும் சிவப்பும் கலந்த சிறிய பெட்டி, வயரோடு இரண்டு கைப்பிடிகள், மேற்புறத்தில் கேசட் செருக ஒரு வாய். ஒன்பது நாள் கழித்துத் தமிழருக்கு எதிரான வன்முறையில் கொழும்பு எரிந்தது. வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்களை மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். செப்டெம்பர் 23ஆம் திகதி இரவு அந்தச் சிறை உடைந்தது. அந்த ஆண்டு மட்டக்களப்பார் வாயில் அடிபட்ட செய்தி இதுதான். தோக்கியோவில் ஒரு விளையாட்டுச் சாமான் விற்பனைக்கு வந்ததைப் பற்றி இங்கே யாரும் பேசியிருக்க வழியில்லை.

ஆனாலும் அந்தப் பெட்டியின் வாரிசுகள் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தன. எப்படி வந்தன, எந்த மாதத்தில் விலைப்பட்டன, வாவியின் எந்தக் கரையோடு நின்றுபோயின என்று பார்த்தால் இந்தப் பிரதேசத்தின் நாற்பது வருட வரலாற்றில் ஒரு பங்கு தெரியவரும்.

முதலில் தொலைக்காட்சி வரவேண்டியிருந்தது. இலங்கையில் 1979 ஏப்ரல் 13இல் ஐ.டி.என். ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய அரசின் உதவியோடு ரூபவாஹினி தொடங்கியது. 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரம் ஜப்பானிய வானொலிகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டிருந்தது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள், அதிலும் வீட்டுப் பணிப்பெண்களாகப் போன கிழக்கின் தாய்மார், திரும்பி வரும்போது கொண்டுவந்த பெட்டிகளில் ரேடியோ கேசட் ஒரு கட்டாயப் பொருள். பிறகு தொலைக்காட்சி. தொலைக்காட்சி வந்த வீட்டில் அடுத்து வந்தது ‘டிவி கேம்’.

வந்தது ஜப்பான் பெட்டி அல்ல. உண்மையான ஃபாமிகொம் வந்திருந்தாலும் இங்கே ஓடியிருக்காது. ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இலங்கையினுடையது 230 வோல்ட். அதைச் சமாளித்தாலும் ஜப்பான் ஒளிபரப்பு முறை வேறு, இலங்கை பின்பற்றும் ‘பால்’ முறை வேறு. படம் வந்தால் நிறம் வராது. இந்த இடைவெளியை நிரப்பியவை தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் சீனாவிலும் செய்யப்பட்ட நகல் பெட்டிகள். ஃபாமிகொமின் சில்லுகளைப் பார்த்துச் செய்து, பால் முறைக்கு மாற்றி, நம் மின்சாரத்துக்கு ஏற்ற அடப்டரோடு அனுப்பினார்கள். தெற்காசியப் பிள்ளைகளுக்கு ஜப்பானிய விளையாட்டைக் கொண்டுவந்து சேர்த்தவை இவைதான். நிண்டெண்டோவின் கணக்குப் புத்தகத்தில் இவற்றில் ஒன்றுகூட ஏறவில்லை.

அன்றைய பிள்ளைகளின் கைகளுக்கு வேலை முறை நன்றாகப் பழகியிருந்தது. அன்டெனா வயரைக் கழற்றி, கேமின் வயரைச் செருகி, சனல் கட்டையை மெல்லத் திருப்பிப் புள்ளிமழைக்குள் படத்தைத் தேட வேண்டும். கேசட் பிடிக்கவில்லையென்றால் கழற்றி, அடிப்பக்கத்துப் பித்தளைப் பற்களை வாயால் ஊதிவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். கேசட்டின் முகத்தில் ‘9999 கேம்’ என்று அச்சிட்டிருக்கும்; உள்ளே இருப்பவை பத்துக்கோ இருபதுக்கோ மேல் போகா, மற்றவை அவற்றின் பிரதிகள். மாரியோ இருக்கும், கொன்ட்ரா இருக்கும், வாத்துச் சுடும் விளையாட்டு இருக்கும். செங்கல் மதிலுக்குள் இருக்கும் தன் முகாமை எதிரித் தாங்கிகளிடமிருந்து காக்கும் ‘பற்றில் சிற்றி’யும் அநேகமாக இருக்கும். நம்கோ நிறுவனம் 1985இல் ஜப்பான் சந்தைக்கென்று செய்த விளையாட்டு அது. நகல் கேசட் என்ற ஒன்று இல்லாதிருந்தால் ஆசியாவின் பாதிப் பிள்ளைகளுக்கு அதன் பெயரே தெரிந்திருக்காது.

ஜப்பானில் இந்த வியாபாரம் எண்ணிக்கையோடு வளர்ந்தது. 1986இல் தொடங்கிய ‘ஃபாமிட்சு’ சஞ்சிகை அங்கே இன்று வாரந்தோறும் எந்தப் பெட்டி எத்தனை, எந்த விளையாட்டு எத்தனை விற்றது என்று அட்டவணை போடுகிறது. வாரங்களைக் கூட்டித்தான் மாதக் கணக்கு வரும். அதனால் சில மாதங்களுக்கு நான்கு வாரம், சில மாதங்களுக்கு ஐந்து வாரம்; இதைக் கவனிக்காமல் ஒரு மாதத்தை இன்னொரு மாதத்தோடு ஒப்பிட்டால் இல்லாத ஏற்றமும் இறக்கமும் தெரியும்.

அந்த அட்டவணைகளை வருடக்கணக்காக அடுக்கினால் பணம் கைக்கு வரும் நாள்களின் தடம் அவற்றில் பதிந்திருக்கிறது. டிசெம்பரில் ஜப்பானிய ஊழியர்களுக்குக் குளிர்கால போனஸ் கிடைக்கும். புத்தாண்டு அன்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சிறு உறையில் காசு வைத்துக் கொடுப்பார்கள். அதற்கு ‘ஒதோஷிதாமா’ என்று பெயர். ஆகவே டிசெம்பரில் ஏறும் விற்பனை ஜனவரி முதல் வாரம் வரை நின்று பிடிக்கும். நிறுவனங்களும் இதற்கேற்பவே நாள் குறித்தன. சோனியின் முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசெம்பர் 3இல் வந்தது. நிண்டெண்டோ டி.எஸ். 2004 டிசெம்பர் 2இலும், பத்து நாள் பின்னால் சோனியின் பி.எஸ்.பி.யும், 2006 டிசெம்பர் 2இல் நிண்டெண்டோவின் வீயும் கடைக்கு வந்தன. ஃபாமிகொம் வந்த ஜூலையும் கோடை போனஸையும் பள்ளி விடுமுறையையும் ஒட்டிய மாதம்தான்.

நாள் தவறினால் என்ன ஆகும் என்பதையும் ஜப்பான் கண்டது. ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டின் மூன்றாம் பாகம் 1988 பெப்ரவரி 10இல், ஒரு புதன்கிழமை வெளிவந்தது. கடை வாசல்களில் இரவோடிரவாக வரிசை. பள்ளிக்குப் போகாமல் நின்ற பிள்ளைகளைப் பொலிஸார் பிடித்து விசாரித்தார்கள். நான்காம் பாகம் 1990 பெப்ரவரி 11க்கு வைக்கப்பட்டது. அது ஞாயிறு, தேசிய விடுமுறையும்கூட.

மட்டக்களப்பில் டிசெம்பர் நேர்மாறான மாதம். வடகீழ்ப் பருவமழையில் வாவி நிரம்பி, தாழ்நிலங்கள் வெள்ளத்தில் கிடக்கும். பெரும்போக வேளாண்மை வயலில் நிற்கும். விதைப்புக்கும் பசளைக்கும் வாங்கிய கடன் வீட்டில் நிற்கும். தை பிறந்து, மாசி பங்குனியில் வேளாண்மை வெட்டி நெல் விலைப்பட்ட பிறகே வாவிக்கு மேற்கே படுவான்கரை விவசாயியின் கையில் காசு புரளும். அதை அடுத்துச் சித்திரைப் புத்தாண்டு. மருத்துநீர் வைத்து முழுகி, புத்தாடை உடுத்து, பெரியவர்களிடம் பிள்ளைகள் வாங்கும் கைவிசேடம் ஜப்பான் பிள்ளையின் புத்தாண்டு உறைக்குச் சரி நிகர். ஆகவே ஜப்பானில் பள்ளி ஆண்டு தொடங்கி விற்பனை அடங்கிக் கிடக்கும் ஏப்ரல், இங்கே விளையாட்டுச் சாமான் விலைப்படும் மாதம். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்புப் பெருநாள் காசு சந்திர மாதத்தோடு வருடந்தோறும் நகர்ந்து வரும். புளியந்தீவின் கத்தோலிக்க, பறங்கிக் குடும்பங்களுக்கு நத்தார் உண்டு. ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாக் கடைகளில் பிள்ளைகளின் காசு கரையும். ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை பருவங்கள். இவை எல்லாவற்றையும் கணித்துக் கொழும்பு புறக்கோட்டையில் சாமான் எடுத்து வந்தவர்கள் நம் கடைக்காரர்கள்.

விளையாட்டுக்கு மாதம் பார்ப்பது இங்கே டிவி கேமோடு தொடங்கிய வழக்கமும் அல்ல. கண்ணகி அம்மன் சடங்குக் காலமான வைகாசி, வெட்டு முடிந்து ஊர் ஓய்ந்திருக்கும் மாதம். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரு மரக்கொம்புகளைக் கொழுவி, வடம் கட்டி இழுத்து முறிக்கும் கொம்புமுறி விளையாட்டு அந்தச் சடங்கைச் சேர்ந்தது.

1990 ஜூனில் அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி மூண்டது. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பவே இல்லை. அந்த நவம்பரில் நிண்டெண்டோ தன் சுப்பர் ஃபாமிகொமின் முதல் தொகுதியைக் கொள்ளையருக்குப் பயந்து நள்ளிரவில் லொறிகளில் அனுப்பி, சில மணி நேரத்தில் விற்றுத் தீர்த்தது. இரண்டு செய்திகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது ஒப்பிடுவதற்காக அல்ல. ஒரு தலைமுறையின் சிறுவயது எங்கே, எந்த நிலையில் கழிந்தது என்பது தேதியோடு தெரிய வேண்டும் என்பதற்காக.

போர் வாவியை எல்லையாக்கியது. எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், மின்சாரம் விட்டுவிட்டாவது வந்தது, கடைகள் திறந்தன, டிவி கேமும் இருந்தது. மேற்கே படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டில். பல கிராமங்களுக்கு மின்கம்பமே போகவில்லை. வவுணதீவுச் சோதனைச் சாவடியைத் தாண்ட மூட்டை முடிச்சு எல்லாம் அவிழ்த்துக் காட்ட வேண்டும், பெட்டரிக்குக்கூடக் கட்டுப்பாடு. 1989இல் வந்த நிண்டெண்டோவின் கேம்போய், மின்சாரம் இல்லாத இடத்தில் நான்கு சிறு பெட்டரியில் ஓடும் கருவி. அந்த நான்கு பெட்டரியும் சந்தேகத்துக்குரிய பொருளாகிவிட்ட ஊர்களில் பிள்ளைகள் கிட்டியும் கிளித்தட்டும் விளையாடினார்கள். பலருக்கு அந்த வயதும் வாய்க்கவில்லை, துப்பாக்கி கொடுக்கப்பட்டது.

2002 பெப்ரவரி யுத்தநிறுத்த ஒப்பந்தத்தோடு பாதைகள் திறந்தபோது பிளேஸ்டேஷன் காலம் வந்துவிட்டிருந்தது. பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் 2000 மார்ச் 4இல் 39,800 யென்னுக்கு வந்து, உலகம் முழுதும் 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி. தனியொரு குடும்பம் வாங்கக் கூடிய விலை அல்ல. ஆகவே ‘கேம் சென்டர்’ வந்தது: ஒரு சிறிய அறை, இரண்டு மூன்று தொலைக்காட்சி, பிளாஸ்டிக் கதிரை, மணிக் கணக்கில் காசு. ஜப்பானில் தலைக்கொரு பெட்டியாக விற்ற பொருள் இங்கே தெருவுக்கொரு பெட்டியாகப் பகிரப்பட்டது. டியூஷன் முடிந்து வரும் பையன்களில் இருவர் விளையாட நாலு பேர் பின்னால் நின்று பார்ப்பார்கள். விரும்பிக் கேட்கப்பட்ட மல்யுத்த விளையாட்டைச் செய்தது ஒசாகாவின் யூக்ஸ் நிறுவனம், உதைபந்தாட்டம் கொனாமியுடையது. கிரிக்கெட் மட்டும் ஜப்பானிடம் கிடைக்கவில்லை, அதற்கு ஈ.ஏ. நிறுவனத்தின் ‘கிரிக்கெட் 07’ இருந்தது. எல்லாம் நகல் சீடியில்.

படுவான்கரைக்கு வழி திறந்ததிலும் ஜப்பானுக்குப் பங்குண்டு. மண்முனைத் துறையில் ‘பாதை’ என்று ஊரார் சொல்லும் மிதவைக்காகக் காத்து நின்ற மக்களுக்கு, ஜப்பானிய அரசின் நன்கொடையில் கட்டிய மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில் திறந்தது. 1924ஆம் ஆண்டுக் கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலமும் ஜப்பானியக் கடனுதவிதான். படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைக்கு மின்சாரமும் பாலமும் கிடைத்தபோது கேம் சென்டரின் காலமே முடிந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டியும் தொடாமல் அந்தக் கரை நேராகக் கைத்தொலைபேசிக்குப் போனது.

2020 மார்ச் 20இல் ஜப்பானில் ‘அனிமல் குரொசிங்’ விளையாட்டின் புதிய பாகம் வந்து, ஃபாமிட்சு கணக்குப்படி மூன்று நாளில் 18.8 இலட்சம் விற்றது. அன்று மாலை ஆறு மணிக்கு இலங்கை முழுதும் ஊரடங்கு தொடங்கியது. வீட்டுக்குள் அடைந்த மட்டக்களப்புப் பையன்கள் விளையாடியது கைத்தொலைபேசியில் ஃப்ரீ ஃபயர், பப்ஜி. 2022இல் ரூபாய் சரிந்து, ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்ற வேளையில் புதிதாக ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்குவது சம்பளக்காரர்களுக்கு எட்டாத காரியமாயிற்று. ஜப்பான் தன் கணக்கை விடவில்லை: 2025 ஜூன் 5இல் வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 பெட்டி, அன்றைய விலை 49,980 யென், முதல் நான்கு நாளில் 947,931 என்று பதிந்து வைத்திருக்கிறது.

நம் பக்கத்தில் அப்படி ஓர் அட்டவணை இல்லை. சுங்கத் திணைக்களம் துறைமுகத்தில் எண்ணும். எந்தச் சித்திரைக்கு ஆரையம்பதியில் எத்தனை டிவி கேம் விற்றது, வாழைச்சேனையில் முதல் கேம் சென்டரை யார் திறந்தார் என்பதெல்லாம் கடைக்காரர் மனத்தில்தான் இருக்கின்றன. எஸ்.ஓ. கனகரத்தினம் 1921இல் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி நூல் எழுதினார். பண்டிதர் வி.சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ தந்தார். ஊரின் பழைய வழக்கங்களை இன்று பேச முடிவது அவர்கள் போன்றோர் நேரத்தோடு எழுதி வைத்ததால்தான்.

டிவி கேம் விற்றவர்களுக்கும் கேம் சென்டர் நடத்தியவர்களுக்கும் இப்போது ஐம்பது, அறுபது வயது. அவர்களிடம் பழைய பில் புத்தகம் இருக்கலாம், பரணில் ஒரு கேசட் பெட்டி இருக்கலாம், கடை வாசலில் எடுத்த ஒரு படம் இருக்கலாம். அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தக் கடைகளுக்குப் போய்க் கேட்கட்டும். ஆவணங்களை நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம நூலகங்களுக்குக் கொடுங்கள்.