அபினும் தேயிலையும்



கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும், விற்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் வாழ்ந்த வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அந்த அளவுகோலைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருவணிகம் ஒன்றைப் பார்ப்போம். நமது ஊவா மலைகளுக்குத் தேயிலை வந்த கதைக்கும் அதனோடு தொடர்பு உண்டு.

ஆங்கிலேயருக்குத் தேநீர் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. தேயிலையோ சீனத்திலிருந்து வரவேண்டும். அதற்கு விலையாகச் சீனர் கேட்டது வெள்ளி. கப்பல் கப்பலாக வெள்ளி போவதைக் கண்டு கலங்கிய கிழக்கிந்தியக் கம்பனி கண்டுபிடித்த மாற்றுப்பண்டமே அபின். பீகார்ப் பக்கத்து விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி பயிரிடச் செய்தது. விளைந்ததைக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. சீனம் 1729 ஆம் ஆண்டிலேயே அபினைத் தடைசெய்திருந்தது. ஆகவே கம்பனிக் கப்பல்கள் அதனைத் தொடமாட்டா. தனியார் கடத்திச் செல்வார்கள். கறைபடாத கை! வெள்ளையரை மட்டும் ஏசிவிட்டுப் போகவும் முடியாது. இவ்வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய பம்பாய் ஜம்சேத்ஜி ஜீஜீபாய்க்கு 1842 இல் 'சேர்' பட்டம் கிடைத்தது.

1839 இல் கன்டனுக்கு வந்த ஆணையாளர் லின் சேசூ, இருபதாயிரத்துக்கும் அதிகமான அபின் பெட்டிகளைப் பறிமுதல் செய்து, உப்பும் சுண்ணாம்பும் கலந்த நீரில் கரைத்துக் கடலில் விட்டார். விக்டோரியா மகாராணிக்குக் கடிதமும் எழுதினார். நாங்கள் அனுப்புவது தேயிலையும் பட்டும். உங்கள் வணிகர் கொண்டுவருவது நஞ்சு. இது என்ன நியாயம் என்பதே அதன் சாரம். பதிலாக வந்தவை போர்க்கப்பல்கள்.

1840 இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இளைஞரான கிளாட்ஸ்டன் இது அநீதியான போர் என்று முழங்கினார். அரசாங்கத்துக்கு எதிரான பிரேரணை 262 க்கு 271 என்ற வாக்குகளால் தோற்றது. ஒன்பதே வாக்குகள்! அறம் அறியாமல் செய்த பிழை என்று இதனைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டு, விவாதித்து, எண்ணிப் பார்த்துச் செய்தது. 1842 இல் நான்கிங் உடன்படிக்கையின்படி ஹொங்கொங் பறிபோனது. ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. 210 இலட்சம் வெள்ளி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதில் 60 இலட்சம், அழிக்கப்பட்ட அபினுக்கு. கடத்தல் பொருளுக்கு, அதைத் தடைசெய்த நாடே நட்டஈடு கொடுத்தது. இதற்குப் பெயர் சுதந்திர வர்த்தகம்.

வென்ற பின்னரும் சீனத்தை நம்பியிருக்க அவர்கள் விரும்பவில்லை. 1848 இல் கம்பனி அனுப்பிய ரொபர்ட் போர்ச்சூன், சீன உடையில் மாறுவேடமிட்டுச் சென்று தேயிலைக் கன்றுகளையும் தொழில் தெரிந்தவர்களையும் இமயமலைச் சாரலுக்குக் கொண்டுவந்தார். இலங்கையில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, மலையெங்கும் தேயிலை பரவியது.

நிலம் எங்கிருந்து வந்தது? 1818 கிளர்ச்சியை அடக்கியபோது, இன்று மொனராகலை அமைந்துள்ள வெல்லஸ்ஸப் பகுதியின் வயல்களும் வீடுகளும் எரிக்கப்பட்டன. சீனத்தின்மீது கப்பல்கள் போன அதே 1840 இல், உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காட்டு நிலமும் தரிசு நிலமும் முடிக்குரியவை என்று இங்கே சட்டம் வந்தது. துரைமார் அவற்றை வாங்கினார்கள். 1890 இல் லிப்டன் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதென்னையை வாங்கினார்.

ஆட்கள் தமிழகத்திலிருந்து வந்தார்கள். இங்கே பீரங்கி தேவைப்படவில்லை. பீகாரில் கசகசா விதைத்தவனைக் கட்டிய அதே முன்பணம், கங்காணியின் கையால் இவர்களையும் கட்டியது. வழிச்செலவும் அரிசியும் கடனாக ஏறின. கடன் தீர்த்தால் ஆளை விடுவதாகத் துரை எழுதிக் கொடுப்பதே 'துண்டு'. வேறு தோட்டம் அக்கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடனும் ஆளோடு கூடவே போகும். 1921 இல்தான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.