பொழுது சாயுமுன் ஒரு மெல்லடை

சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில், பத்து மாதம் நிறைந்த என் பெயர்த்திக்கு ஊட்டுவதற்கென்று மருமகள் அட்டைப்பெட்டியில் அடைத்த 'பேன்கேக்' மாவு ஒன்றை வாங்கி வந்தாள். பெட்டியின் பின்புறத்தில் மைதா, சர்க்கரை, உப்பு, பேக்கிங் பவுடர், வாசனைப் பொருள் என்று பொடி எழுத்தில் ஒரு வரிசை. "அத்தை, குழந்தைக்கு இரண்டு பல்தான் வந்திருக்கிறது. இட்டலியைத் துப்புகிறாள். மெத்தென்று இப்படி ஒன்று நம் வீட்டில் செய்வது உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்று உடனே சொல்லிவிட்டேன். அளவு என்ன என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் மாமியார் அதை அன்றாடம் வார்த்ததைக் கண்டிருக்கிறேன்; என் மகனுக்கு ஊட்டியிருக்கிறேன்; ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் பத்துப்பாட்டு நடத்தியவளுக்கு அப்பத்தின் பழம்பெயர்கள் தெரிந்தன. ஒரு குழந்தைக்கு வேண்டிய மாவின் அளவு தெரியவில்லை. அந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன், எனக்குப் பழகிய வழி அதுதான். நம் முன்னோர் வாழ்ந்த தொண்டை மண்டலத்தைப் பாடும் நூல் பெரும்பாணாற்றுப்படை. கச்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் ஓர் உவமை வருகிறது. குருக்கத்திக் கொடியின் வரியுடைய பூக்கள் மணலில் தேங்கிய நீரில் உதிர்ந்து கிடக்கின்றன. அக்காட்சிக்குப் புலவர் தேடிய ஒப்புமை அடுக்களைக்கு உரியது: கரிபிடித்த அகலில் கூவியர் பாகு சேர்த்துச் செய்த வட்டமான அப்பம் பாலில் கிடப்பது போல என்கிறார். கூவியர் என்போர் அப்பம் சுட்டு விற்கும் தொழிலினர். மாணவர்க்கு இப்பகுதியை நடத்தியபோதெல்லாம் உவமை நயத்தைப் பற்றியே பேசினேன். பாலில் ஊறிய அப்பம் யாருக்கு வேண்டும் என்று ஒருமுறையும் கேட்டுப் பார்த்ததில்லை. பல் உதிர்ந்தவர்க்கும் பல் முளைக்காதவர்க்கும் அல்லவா அது முதலில் வேண்டும்? புலவர் அப்படிச் சொல்லவில்லை. இது என் கருத்து மட்டுமே. எனினும் வெல்லப்பாகு, மாவு, பால் மூன்றும் கூடிய மென்மையான வட்டம் ஒன்று காஞ்சிப் பகுதி மக்கள் கண்டவுடன் அறிந்துகொள்ளும் பண்டமாக இருந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. கேட்போர்க்குப் பழகாத பொருளை எவரும் உவமையாக வைப்பதில்லை.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி இன்னும் நெருங்கி வருகிறது. மதுரையின் இரவைக் காட்டும் பகுதியில், பண்டம் விற்றுக் களைத்த கூவியர் இருந்த இடத்திலேயே தூங்கிப் போகின்றனர். அவர்களிடம் இருந்தவற்றுள் ஒன்று பூரணம் வைத்த மோதகம், மற்றொன்று மெல்லடை. அந்த அடையைத் தேனடை போன்றது என்கிறார் புலவர். மேற்பரப்பெங்கும் கண்கண்ணாகத் துளை விழுந்த ஓர் அடையை நினைத்துப் பாருங்கள். மாவை நீர்க்கக் கரைத்துக் காய்ந்த கல்லில் ஊற்றினால் நீர் ஆவியாகி வெளியேறும் இடமெல்லாம் துளை விழும். மாவு புளித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. துளு நாட்டில் இன்றும் வார்க்கும் நீர்தோசை புளிக்காத மாவால் ஆனதே. அதிலும் துளைகள் நிறைந்திருக்கும்.

தேன் என்ற சொல் வந்ததால் இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கள், புலால், தேன் மூன்றையும் விலக்குவது நம் இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கம். ஆதலால் பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம் இல்லங்களில் புகவில்லை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது என்று இக்கால மருத்துவர்களும் சொல்கின்றனர். அவர்கள் அஞ்சுவது தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகளை. நாம் எண்ணுவது தேனீக்களின் உயிரை. இரண்டும் வெவ்வேறு காரணங்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றுக்குப் பெருமை தேட வேண்டியதில்லை.

சங்க நூல்களுக்குப் பின் இப்பெயர்களைக் காத்தவை நிகண்டுகள். மெல்லடை, நொலையல் போன்ற அப்ப வகைகளின் பெயர்கள் அவற்றால்தான் நமக்கு எட்டுகின்றன. நிகண்டு என்றதும் நம்மவர் நினைவுக்கு வர வேண்டியவர் சூடாமணி நிகண்டு இயற்றிய மண்டல புருடர். சமணர், திண்டிவனத்தை அடுத்த பெருமண்டூரோடு தொடர்புடையவர். பன்னிரண்டு தொகுதிகளாக விருத்தப்பாவில் அவர் அமைத்த நூலைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் சமய வேறுபாடின்றி மனப்பாடம் செய்தனர். உண்ணும் பண்டம் மறைந்த பின்னும் அதன் பெயர் வாழ்ந்தது இத்தகையோர் உழைப்பால்தான்.

தோசை, இட்டலி ஆகியவற்றின் பழைய செய்முறையை அறியக் கன்னட நாட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். ஏறத்தாழ 920ஆம் ஆண்டில் எழுந்த வட்டாராதனை என்னும் சமண உரைநடை நூலில் 'இட்டலிகே' என்ற பண்டம் பேசப்படுகிறது. 1025ஐ ஒட்டிய லோகோபகாரம் செய்முறையையே தருகிறது: உளுந்தை மோரில் ஊறவைத்து, நைய அரைத்து, தயிரின் தெளிநீரும் மணப்பொருள்களும் சேர்க்க வேண்டும். அதில் அரிசி இல்லை. மாவை இரவெல்லாம் வைத்துப் புளிக்கவிடும் பேச்சும் இல்லை. 1129இல் கல்யாணிச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் எழுந்த மானசோல்லாசம் 'தோசக' என்பதைப் பருப்பு மாவால் ஆன பண்டமாகக் கூறுகிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் மங்கரசன் என்ற சமணச் சிற்றரசர் சூபசாஸ்திரம் என்று ஒரு சமையல் நூலையே செய்யுளில் இயற்றினார். நேமிநாதர் வரலாற்றைப் பாடிய கைதான் பணியாரம் செய்யும் முறையையும் எழுதியது. அடுக்களைச் செய்தியைப் புலமைக்குக் குறைவாக அவர் கருதவில்லை. நம்மில் படித்தவர்கள் பலர் கருதினோம், நான் உட்பட. திருப்பதிக் கோயிலில் 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் அப்பப்படி, அதிரசப்படி, தோசைப்படி என்று படையல்களைப் பெயர் சொல்லி வரையறுக்கின்றன. அதற்குள் தோசை கோயில் வரை சென்றுவிட்டது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. அரிசியும் உளுந்தும் கூட்டி அரைத்து ஓர் இரவு புளிக்க வைத்த மாவை நாம் தொன்றுதொட்டு வந்ததாக எண்ணுகிறோம். ஏடுகளில் முன்னே நிற்பவை பாகும் பாலும் கூடிய வட்டமும் மெல்லடையுமே. அன்றன்றைக்கு மாவு கரைத்து அன்றன்றைக்கே வார்த்த எளிய அடைக்கு அவற்றோடு உள்ள உறவு, நம் காலைத் தோசைக்கு உள்ளதைவிட நெருக்கமானது. அந்த எளிய அடை எங்கே போயிற்று? பெரியவர்களின் இலையிலிருந்து மெல்ல விலகிக் குழந்தையின் கிண்ணத்தில் தங்கிவிட்டது என்பேன்.

நம் குடும்பங்களில் அது அழியாமல் நின்றதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இரவில் உண்ணாமை நம் வழக்கம். நான் வாழ்க்கைப்பட்டுச் சென்றது வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர். மாலையில் வீடே விரைந்து இயங்கும். விளக்கேற்றும் நேரத்தில் அடுப்பு அணைந்திருக்கும். பெரியவர்கள் ஒருவேளை விட்டாலும் பொறுத்துக்கொள்வர். ஒன்றரை வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அது மதியம் உறங்கி எழுவது நான்கு மணிக்கு. ஐந்தரைக்குள் அதன் வயிறு நிறைய வேண்டும். சோறு வடித்து, பிசைந்து, ஆற்றி ஊட்ட நேரம் போதாது. காலை மாவு அதற்குள் புளித்து ஏறியிருக்கும். நோன்பு நாள்களில் புளித்த மாவை அறவே தொடாத வீடுகளும் இருந்தன. ஆகவே பிள்ளை கண்விழிக்கும்போது மாவு கரைப்பதும், முகம் கழுவி வருவதற்குள் அடை வார்ப்பதும் என் மாமியாரின் அன்றாடக் கடமையாயின. அதை அவர் 'பிள்ளைத் தோசை' என்பார். மெல்லடை என்ற சொல்லை அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பெயர் என்னிடமும் பண்டம் அவரிடமுமாக ஒரே வீட்டில் பதினெட்டு ஆண்டுகள் இருந்திருக்கிறோம். இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

மருமகளுக்கு விடை சொல்ல முடியாத மறுநாள், எண்பதைக் கடந்த என் நாத்தனாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அளவா? கையாலே அள்ளிப் போடுவதற்கு அளவு ஏது?" என்று சிரித்தார். விடாமல் கேட்டேன். தம் கையை ஓர் ஆழாக்கில் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அவரே அழைத்துச் சொன்னார்.

பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணிமேல் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இடித்துச் சலித்த மாவு அரை ஆழாக்கு. நன்றாகக் கனிந்த சிறிய வாழைப்பழம் ஒன்று, கட்டியின்றிப் பிசைந்தது. வடிகட்டிக் கொதிக்கவைத்து ஆறிய நீர், மாவு கரண்டியிலிருந்து அறுபடாமல் ஒழுகும் அளவுக்கு. கால் மணி நேரம் ஊறினால் போதும். அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு மாவும் ஆகும். அதை மெல்லிய துணியில் சலித்துக்கொள்ள வேண்டும். ஓராண்டு நிறையாத குழந்தைக்கு உப்பும் வேண்டாம், வெல்லமும் வேண்டாம். பழத்தின் இனிப்பே மிகுதி. நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குச் சிறிது வெல்லத்தை நீரில் கரைத்து, மண் நீங்கத் துணியில் வடித்துச் சேர்க்கலாம். ஏலக்காய் ஒரு சிட்டிகை.

இரும்புக் கல் காய்ந்ததும் அனலைக் குறைத்துவிட வேண்டும். பிற வீடுகளில் வெங்காயத்தைப் பாதியாக அரிந்து கல்லில் எண்ணெய் தேய்ப்பர். நமக்கு அது ஆகாது. குச்சியின் முனையில் வெள்ளைத் துணியை முடிந்து நெய்யில் தோய்த்துத் தேய்ப்பார் மாமியார். அந்தத் துணிமுடிச்சு அடுப்பருகே ஒரு கொட்டாங்கச்சியில் எப்போதும் இருக்கும். மாவை உள்ளங்கை அகலத்துக்கு மேல் பரப்பாமல் ஊற்றி, மேலே தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டால் ஆவியிலேயே மேற்புறம் வெந்துவிடும், முறுகவிடலாகாது. முறுகிய ஓரம் இருந்தால் அதைக் கிள்ளித் தாம் தின்றுவிடுவார். நடுப்பகுதி மட்டுமே பிள்ளைக்கு.

இக்கால இளந்தாயர் குழந்தையே எடுத்து உண்ணட்டும் என்று விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி வைக்கின்றனர். நல்லதுதான். ஆயினும் துண்டை முதலில் இரு விரலால் நசுக்கிப் பாருங்கள். எளிதில் மசிய வேண்டும். குழந்தை நிமிர்ந்து அமர்ந்திருக்க வேண்டும். எதிரே ஒருவர் இருக்க வேண்டும். ஆறு மாதம் நிறையுமுன் தாய்ப்பாலன்றி வேறு உணவு வேண்டியதில்லை என்பதை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் ஓராண்டுக்குப் பின்னரே. பெரும்பாணாற்றுப்படைப் புலவர் கண்ட பாலில் ஊறிய வட்டத்தை அதுவரை தள்ளி வைக்கலாம். புளித்த மாவு பிள்ளைக்குத் தீங்கு என்று நான் சொன்னதாக எவரும் கொள்ள வேண்டா. மிதமாகப் புளித்த மாவின் இட்டலி நல்ல உணவே. என் பெயர்த்திக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பெட்டி மாவையும் நான் குறை கூறப் போவதில்லை. பேக்கிங் பவுடர் 19ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டார் கண்ட பொருள். காத்திருக்க நேரமில்லாதவர்க்கு மாவு உடனே உப்ப அது உதவியது. நம் பாட்டிமார்க்கும் நேரம் இருந்ததில்லை. அவர்கள் மாவை உப்பவைக்காமல் மெலிதாக்கினர்.

அன்று மாலை நாலரை மணிக்கு மருமகளும் நானும் அடுப்படியில் நின்றோம். என் பழைய பருத்திச் சேலையின் ஓரத்தைக் கிழித்துக் குச்சியில் முடிந்தேன். முதல் அடை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதில்தான் துளை விழுந்தது. மருமகள் அதைப் பார்த்து, "தேனடை மாதிரி இருக்கிறதே அத்தை" என்றாள். அவளுக்கு நான் மதுரைக்காஞ்சியைப் பற்றி அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பெயர்த்தி இரண்டு துண்டு தின்றாள். மூன்றாவதைத் தரையில் போட்டாள். சன்னல் வழியே வெயில் இன்னும் இருந்தது. மருமகள் தொலைபேசியில் அளவைக் குறித்துக்கொண்டாள்: மாவு அரை ஆழாக்கு, பழம் ஒன்று. ஆழாக்கு எத்தனை மில்லி என்று கேட்டாள். ஏறத்தாழ நூற்று அறுபத்தெட்டு என்று சொன்னேன். அதுவாவது எனக்குத் தெரிந்திருந்தது.