தோட்டப் பள்ளிக்கு ஆங்கிலம் வந்த வழி



கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் நிறைந்த இடம். பின்னர் அங்கே இரயில்வே குடியிருப்புகள் எழுந்தன. கணக்கெழுதவும் நிலையங்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆங்கிலம் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. அவ்வேலைக்கு யாழ்ப்பாணத்தார் பலர் கப்பலேறி வந்தனர். அவர்கள் ஊரில் 1823-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கி, தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே கற்பித்தார்கள்.

அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ இருபது மைல் போனால் கிள்ளான். அங்கும் தமிழர்தாம், ஆனால் பால்மரத் தோட்டம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. சட்டத்துக்காக ஒரு கொட்டகை போட்டார்கள். பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். அங்கே ஆங்கிலம் இல்லை. ஆங்கிலம் ஆபீசில் இருந்தது. துரையும் கிராணியும் பேசிக்கொள்ளும் மொழியாக, தொழிலாளிக்கு எட்டாத மொழியாக இருந்தது.

இந்தத் தூரம் மனத்தில் புண்ணாகவே இருந்தது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தை மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். கூலி உயர்வு, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்துக்கு முடிவு என்று அடுக்கிய கோரிக்கைகளுள், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் ஒன்று. பட்டாளம் வந்தது, உயிர்ச்சேதம் நேர்ந்தது, நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆயினும் அந்தக் கோரிக்கையைப் பெற்றோர் மறக்கவில்லை.

1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் அடுத்த ஆண்டின் கல்விச் சட்டமும் தமிழ்ப் பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் சேர்த்தன. மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடங்களாயின. சரி, ஆங்கிலத்தை யார் கற்பிப்பது? இங்கிலாந்திலுள்ள கெர்க்பி கல்லூரியில் 1952 முதல் மலாயா ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் பெரும்பாலும் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போனார்கள். தோட்டப் பள்ளி ஆசிரியரோ தாமே பெரியவரான பின் ஆங்கிலம் படித்தவர். தெரிந்த வழியில் கற்பித்தார்: ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ், வகுப்பு முழுவதும் பாட்டாகச் சொல்லும். பக்கம் முழுவதையும் ஒப்பிக்கிற பிள்ளை, “உன் பெயர் என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டால் விழிக்கும். அந்த ஆசிரியரைக் குறை கூற நமக்கு மனம் வராது. அவருக்கு யாரும் வேறு வழி காட்டவில்லை.

வேறு வழி இருந்தது. 1950-களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி தொடங்கினார்கள். தொடக்க வகுப்பு ஆங்கில ஆசிரியர்கள் ஏறத்தாழ 27,000 பேருக்கு மறுபயிற்சி தர வேண்டும். அத்தனை பேரையும் ஒரே கல்லூரியில் அடைக்க முடியுமா? முதலில் சிலருக்குப் பயிற்சி தந்தார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பி மற்றவர்களுக்குத் தந்தார்கள். உருளும் பனிக்கட்டி பருத்துக்கொண்டே போவதுபோல என்று அதற்கு ஆங்கிலத்தில் பெயரிட்டார்கள். ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு புதிய வாக்கிய அமைப்பு; பொருளைக் கையில் காட்டிப் பேசுதல்; முதலில் காது, பிறகு வாய், அதன் பின்பே எழுத்து. இதுவே முறை. கை மாறக் கை மாறப் பயிற்சியின் சாரம் நீர்த்துப்போகும் என்பது இதன் பலவீனம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தோட்டத்துக்கு இம்முறை மிகவும் பொருந்தும். பால் வாளி, தேங்காய்ச் சிரட்டை, பால்வெட்டுக் கத்தி போதும். சிரட்டை வாளிக்கு உள்ளே, மேலே, அடியில் என்று வைத்து வைத்துக் கேட்டால் மூன்று சொற்கள் ஒரு நாளும் மறவா. சீமைப் படப் புத்தகத்தில் பனி பெய்வதைப் பார்த்துப் படிப்பதைவிட இது மேல் என்பது எங்கள் எண்ணம்.

ஆசிரியர்கள் தாங்களாகக் கூடிக் கற்கவும் வழி பிறந்தது. 1958-இல் சிலாங்கூர் ஆங்கில ஆசிரியர் சங்கம் தோன்றியது. அதுவே பிற்காலத்தில் மலேசிய ஆங்கில மொழி கற்பித்தல் சங்கமாக வளர்ந்தது.

1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகளாயின. புகுமுக வகுப்பைத் தாண்ட மலாய்தான் வேண்டும் என்றதும், ஆங்கிலம் எதற்கு என்று கேட்ட பெற்றோர் உண்டு. 2003-இல் முதலாம் ஆண்டிலேயே ஆங்கிலம் வந்தது. கணிதமும் அறிவியலும்கூட ஆங்கிலத்தில் நடந்தன. சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. 2012-இல் ஆங்கில ஆசிரியர்களுக்கே தேர்வு வைத்துப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திட்டங்கள் மாறுவது எளிது. ஆசிரியர் நாவில் மொழி பழகுவதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

இதற்கிடையே தோட்டங்கள் பல விற்கப்பட்டு வீடமைப்புகளாயின. பள்ளிகள் சில, பழைய தோட்டத்தின் பெயரை மட்டும் சுமந்து வேறிடம் போயின.

ஆங்கிலம் தெரியாத தாய் தந்தையர், நாம் என்ன உதவ முடியும் என்று எங்களிடம் கேட்பதுண்டு. பிள்ளை அன்று படித்த பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் கேளுங்கள். தமிழில் சொல்ல முடியாவிட்டால் பிள்ளை எழுத்தைத்தான் கூட்டியிருக்கிறது, பொருளைப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு மறுநாள் ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள்.