கொரியர்களும் கூடலூர்ப் பாட்டியும்

எங்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஹைவே ஓரத்தில் சில ஹோட்டல்களில் கொரிய எழுத்திலும் போர்டு தொங்கும். 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. பிறகு சாம்சங், ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று வரிசையாக வந்தன. இதையெல்லாம் பார்த்து, இந்தியாவில் வசிக்கும் வெளிநாட்டில் பிறந்தவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணக்கைப் பார்த்தால் தலைகீழ்!

ஐ.நா. மதிப்பீட்டின்படி 1960-இல் இவர்கள் சுமார் 94 லட்சம். 1990-இல் 75 லட்சம். 2020-இல் 49 லட்சம்தான். அன்று நூறு பேரில் இரண்டு பேர், 2020-இல் ஆயிரத்துக்கு நாலு பேர்கூட இல்லை. இத்தனைக்கும் 1990-க்கும் 2020-க்கும் நடுவில் உலகம் முழுக்க இந்த எண்ணிக்கை 15 கோடியிலிருந்து 28 கோடியாக ஏறியிருக்கிறது.

நான் பி.காம். மாணவன், எனக்கு இது ஸ்டாக் கணக்காகத்தான் தெரிகிறது. ஆரம்ப இருப்பு ரொம்பப் பெரியது, புது வரவு கொஞ்சம். அந்த ஆரம்ப இருப்பு 1947 பிரிவினை. 1951 கணக்கெடுப்பில் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள் மட்டும் 72 லட்சத்துக்கு மேல். லாகூரிலும் டாக்காவிலும் அவர்கள் பிறந்தபோது அவை வெளிநாடே இல்லை, கோடு பிறகுதான் விழுந்தது. அந்தத் தலைமுறை வயதாகி இறந்துகொண்டிருக்கிறது. டெல்லியிலும் கல்கத்தாவிலும் பிறந்த அவர்கள் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 1971 போரின்போது வந்த சுமார் ஒரு கோடிப் பேரில் பெரும்பாலானோர் வங்கதேசம் பிறந்ததும் திரும்பிவிட்டார்கள். நம்ம ஊர் கொரியர்கள் ஆயிரக்கணக்கில்தான், லட்சங்கள் குறைகிற இடத்தில் அது எங்கே தெரியப்போகிறது?

தமிழ்நாட்டுக் கதை கொஞ்சம் வேறு. 1962-இல் நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு பர்மாவிலிருந்து லட்சக்கணக்கில் இந்தியர்கள் கிளம்பினார்கள். (சென்னை பர்மா பஜார் அப்படி வந்ததுதான்.) அடுத்து இலங்கை. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது, 1974-இல் மேலும் 75,000. எல்லோரும் வந்து சேரவில்லை. வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது, அதுதான் இன்றைய டான்டீ.

என் ரூம்மேட் கூடலூர்க்காரன். அவன் பாட்டி நுவரெலியா எஸ்டேட்டில் பிறந்தவர். கணக்குப்படி வெளிநாட்டில் பிறந்தவர், ஆனால் இந்தியக் குடிமகள், ஓட்டு, ரேஷன் கார்டு எல்லாம் உண்டு. "நான் என்னடா வெளிநாட்டுக்காரியா?" என்று சிரித்தாராம்.

சிரிக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்த ஈழத்தமிழர்களுக்கு இங்கே முகாமில் பிறந்த பிள்ளைகள். 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தால் மட்டும் குடியுரிமை கிடையாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும் என்று சட்டம் மாறியது. அதனால் மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ பிறந்து, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்து, என்னைப் போலவே பி.காம். முடித்தவருக்கும் இந்திய பாஸ்போர்ட் கிடைப்பது கஷ்டம். 2021-இல் முகாம்களின் பெயரை அரசு "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது, உள்ளே இருப்பவர்களின் குடியுரிமை மாறவில்லை.

ஆனால் மேலே சொன்ன 49 லட்சத்தில் இவர்களைத் தேடக்கூடாது. பிறந்த இடத்தைப் பார்க்கிற கணக்கு அது. இவர்கள் பிறந்தது இந்தியாவில்.