நீலகிரியின் வீட்டுப் படச்சுருள்கள்

தமிழகத்துத் திரைப்பட வரலாறு என்று நாம் எழுதிவருவதெல்லாம் பெரும்பாலும் கொட்டகையின் வரலாறே. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கியதில் தொடங்கி, பேசும்படம், நட்சத்திரங்கள், வசூல் என்று அது நீள்கிறது. விற்பனைக்கென்று அல்லாமல், தம் வீட்டாரும் நண்பரும் பார்ப்பதற்காகவே எடுக்கப்பட்ட சுருள்களுக்கு அவ்வரலாற்றில் ஒரு பத்திகூட இல்லை. அத்தகைய சுருள்களைப் பற்றி எண்ணப் புகுவோர்க்கு நீலகிரி நல்ல களம். ஓய்வுபெற்றோர் வந்து தங்கும் மலை அது. அரசின் படச்சுருள் ஆலை நின்ற மலையும் அதுவே.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். ‘அமெச்சூர்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் வேர், அன்பு செய்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. நாம் அதனைப் ‘பயில்முறை’ என்று பெயர்த்துக் கொண்டோம். நாடகத்துக்கு அது பொருந்திற்று. ஆனால் அறுபது வயதில் படக்கருவியைக் கையிலெடுப்பவர் எந்தத் தொழிலுக்காகப் பயில்கிறார்? அவர் எதற்கும் ஆயத்தம் செய்பவர் அல்லர். விரும்பிச் செய்கிறார், அவ்வளவே. வேறு நல்ல சொல் கிட்டும் வரை ‘விருப்பக் கலைஞர்’ என்றே இங்கு வழங்குவோம்.

1819இல் ஜான் சல்லிவன் இம்மலைமேல் ஏறிய நாளிலிருந்தே, நோயுற்ற ஆங்கிலேயர் உடல்தேறும் இடமாகவும் பின்னர்ப் பணிமுடித்தோர் தங்கும் இடமாகவும் உதகையும் குன்னூரும் வளர்ந்தன. விடுதலைக்குப் பின் கப்பலேறாது தங்கிவிட்டோர் சிலர். வெலிங்டனில் படைத்துறைக் கல்லூரி அமைந்தபின், அங்குப் பயின்ற அதிகாரிகள் ஓய்வுக்காலத்தில் குன்னூரை நாடினர். 1973இல் ஓய்வுபெற்ற ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா 2008இல் மறையும் வரை வாழ்ந்தது அங்கேதான். இவர்களன்றி, அரவங்காடு வெடிமருந்து ஆலை, குன்னூர் பாஸ்டர் நிலையம், கேத்தி ஊசித் தொழிற்சாலை, தேயிலைத் தோட்டங்கள் ஆகியவற்றில் உழைத்து ஓய்ந்தவர்களே மிகுதி. ஓய்வு என்றதும் துரைமார் வீட்டுப் பூந்தோட்டத்தை மட்டும் எண்ணுதல் பிழை.

வீட்டுப்படம் என்னும் பொழுதுபோக்கைத் தோற்றுவித்தது 1923ஆம் ஆண்டு. கோடக் நிறுவனம் 16 மி.மீ. படச்சுருளை அவ்வாண்டில் வெளியிட்டது. அதுவரை வழங்கிய 35 மி.மீ. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். வீட்டுக் கூடத்தில் வைத்து ஓட்டத்தக்கதன்று. புதிய சுருள் அசிடேட்டால் ஆனது. எடுத்த சுருளையே கழுவி நேர்ப்படமாக மாற்றும் முறையும் உடன் வந்ததால், படியெடுக்கும் செலவு மிஞ்சிற்று. ஆயினும் படக்கருவி, ஒளியுருக்கருவி, முக்காலி, திரை எல்லாம் சேர்ந்து 335 டாலர். நீலகிரியில் அந்நாளில் அது யாருக்கு எட்டியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1932இல் 8 மி.மீ. வந்தது, 1935இல் கோடக்குரோம் வண்ணச்சுருள், 1965இல் சூப்பர் 8.

இக்கணக்கைச் சற்று நின்று பார்க்கலாம். 16 மி.மீ. சுருள் ஒன்று நூறு அடி. அடிக்கு நாற்பது சட்டகங்கள். நொடிக்குப் பதினாறு சட்டகம் என்று ஓட்டினால் முழுச்சுருளும் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். சூப்பர் 8 பேழைக்கோ மூன்று நிமிடமும் இருபது நொடியுமே ஆயுள். எனவே எடுப்பவர் ஒவ்வொரு காட்சிக்கும் ஐந்தாறு நொடிக்கு மேல் செலவிட அஞ்சினார். மலைரயில் வளைவில் திரும்புகிறது, வெட்டு. குழந்தை சிரிக்கிறது, வெட்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், வெட்டு. சிக்கனமே அப்படங்களின் இலக்கணம். பின்னாளில் மூன்று மணிநேர வீடியோ நாடா கைக்கு வந்தபோது முதலில் தொலைந்தது இந்தச் சிக்கனம்தான். நமக்கு அதில் வருத்தமே. ஆனால் அதனால் விளைந்த நன்மையும் ஒன்று உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

நிற்க. ஆங்கிலேயர் இந்தியாவில் எடுத்த இவ்வகைச் சுருள்கள் அவர்களோடு கடல் கடந்தன. எடுத்தது பணிக்காலத்தில், அவற்றை வெட்டி, ஒட்டி, தலைப்பெழுதி, விருந்தினர்க்கு ஓட்டிக் காட்டியது ஓய்வுக்காலத்தில். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் 1964இல் அமைந்தது. அதன் ஆவணக் காப்பாளர் மேரி தாட்சர், இந்தியாவில் பணியாற்றி ஓய்வுபெற்ற குடும்பங்களிடம் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கேட்டுப் பெற்றார். அவற்றோடு சுருள்களும் வந்தன. அவ்வாறு சேர்ந்த வீட்டுப்படங்கள் ஏறத்தாழ முந்நூறு. பிற்காலத்தில் அவை எண்ணிம வடிவாக்கப்பட்டு, எவரும் காணும்படி வைக்கப்பட்டன.

இத்தொகுப்பைப் போற்றுகிறோம், அதே மூச்சில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இத்தகைய படங்களில் எடுத்தவர் பெயர் உண்டு, அவர் மனைவி பெயர் உண்டு, குதிரைக்கும் நாய்க்கும்கூடப் பெயர் உண்டு. கொழுந்துக் கூடையைச் சுமந்து நிற்பவளுக்குப் பெயர் இருப்பது அரிது. ‘கூலிகள்’, ‘ஆயா’ என்பதோடு குறிப்பு முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் அவை ஊமைப்படங்கள் என்பதால் அவள் என்ன பேசினாள் என்பதும் இல்லை. இதே மலையில் 1930களில் எமனோ என்னும் மொழியறிஞர் தோதர், கோத்தர் இடையே தங்கி அவர்தம் பேச்சையும் பாட்டையும் எழுத்தெழுத்தாகப் பதிந்து கொண்டிருந்தார் என்பதை எண்ணும்போது இக்குறை இன்னும் உறுத்துகிறது. ஒரு பக்கம் உருவம் இல்லாத குரல். மறு பக்கம் குரல் இல்லாத உருவம்.

இனி ஆலைக்கு வருவோம். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1960இல் உதகையில் தொடங்கப் பெற்றது. பிரான்சின் பொஷே நிறுவனத்தார் தொழில்நுட்பம் தந்தனர். 1967இல் உற்பத்தி தொடங்கியது. தூசு குறைந்த காற்றும் குளிர்ச்சியும் நல்ல நீரும் படச்சுருள் தொழிலுக்கு இன்றியமையாதவை என்பதால் மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. ‘இந்து’ என்னும் வணிகப்பெயரால் எக்ஸ்ரே சுருளும், கறுப்பு வெள்ளைத் திரைப்படச் சுருளும், ஒளிப்படத் தாளும் நாடெங்கும் சென்றன. ஆலையைச் சூழ்ந்த குடியிருப்புக்கே இந்துநகர் என்று பெயராயிற்று. ஒளிபட்டால் கெடும் பொருளாதலால், வெள்ளிக் கலவையைச் சுருளின்மேல் பூசும் வேலை இருளிலேயே நடந்தாக வேண்டும். பிறர் காண்பதற்கென இருளில் உழைத்தவர்கள் அவர்கள். வண்ணச்சுருள் பரவியது, இறக்குமதி பெருகியது, கடன் மிகுந்தது. 1990களின் நடுவில் ஆலை நலிவுற்ற நிறுவனமாயிற்று. 2003இல் அதனை மூடிவிடலாம் என்று பரிந்துரை வந்தது. 2014இல் எஞ்சிய தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. விருப்பம் என்னும் சொல் அங்கு எத்துணைப் பொருந்தும் என்பதை வாசகர்களே முடிவு செய்து கொள்ளலாம்.

இவ்வாலையிலும் பிற ஆலைகளிலும் பணிபுரிந்த தலைமுறை ஓய்வுபெற்ற காலமும், வீடியோ காமிரா நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. வெளிநாட்டிலிருந்து மகனோ மருமகனோ கொண்டுவந்த கருவி தாத்தாவின் கைக்கு வந்தது. படச்சுருளைச் செய்த கைகள் படச்சுருளே வேண்டாத கருவியைப் பிடிக்க நேர்ந்தது காலத்தின் கோலம். கழுவக் கொடுக்க வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை, ஒலியும் சேர்ந்தே பதியும்.

முன்னர்ச் சொன்ன நன்மை இதுதான். நாடா மலிவானதால் ஓய்வுபெற்றவர் காமிராவை நிறுத்தாமல் ஓடவிட்டார். திருமணத்துக்கு அமர்த்தப்பட்ட வீடியோக்காரர் மணமக்களையே சுற்றிவருவார். வீட்டுப் பெரியவரோ பந்தியில் பேசிக் கொண்டிருப்பவர்களைப் பிடிப்பார். படகர் ஹட்டி ஒன்றில் ஹெத்தை விழாவை அவ்வூர்க்காரரே எடுக்கும்போது, சடங்கு மட்டுமன்று, இடையிடையே நடக்கும் உரையாடல், முறைவைத்து அழைக்கும் அழைப்பு, கேலி, பிள்ளைகளை அதட்டும் குரல் எல்லாம் நாடாவில் விழும். எழுத்து வழக்கு வலுப்பெறாத படக மொழிக்கு இதனினும் நல்ல ஆவணம் எது? வந்துபோகும் சுற்றுலாக்காரரின் காமிராவுக்கு இது வாய்ப்பதன்று. ஆடும் படம், மங்கிய வெளிச்சம், காற்றின் இரைச்சல் ஆகிய குறைகளெல்லாம் இதன்முன் பொருட்டல்ல என்பது நம் கருத்து.

ஆனால் இவற்றைத் தேடிக் கடிதம் எழுதும் மேரி தாட்சர் இங்கு இல்லை. புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நாட்டம் திரைப்படங்களின் மேல்தான். மும்பையில் 2014இல் எழுந்த திரைப்பட மரபு அறக்கட்டளையும் பெரிதும் அவ்வாறே. அதனைக் குறைகூற மாட்டோம். அவர்கள் சுமை அவர்களுக்கு. இதற்கிடையில் மலையின் ஈரம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அசிடேட் சுருள் கெடத் தொடங்கினால் புளிக்காடி நாற்றம் எழும். காந்தநாடாவில் வெண்பூஞ்சை படரும். அலமாரியில் அவ்வாறு பூத்துக் கிடந்த நாடாக்களை நாமும் கண்டிருக்கிறோம். அதன் முதுகில் ஒட்டிய தாளில் ‘கோத்தகிரி, கல்யாணம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. யாருடையது, எந்த ஆண்டு என்பதில்லை. பூஞ்சை தப்பினாலும் ஓட்டிப் பார்க்கக் கருவி வேண்டும். வீடியோ நாடாக் கருவி செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக ஏ. கே. செட்டியார் நாடுநாடாக அலைந்து, பலர் எடுத்து வைத்திருந்த துண்டுகளை 50,000 அடி அளவுக்குத் திரட்டி 1940இல் படமாக்கினார் என்பதைத் தமிழர் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். அவருக்கு அவை கிடைத்தது, யாரோ சிலர் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தானே?

நீலகிரியில் குறிஞ்சி 2006இல் பூத்தது. மீண்டும் 2018இல் பூத்தது. 58ஆம் வயதில் 2006இல் ஓய்வுபெற்ற ஒருவர் முதல் பூப்பைச் சிறு நாடாவிலும், எழுபது வயதில் அடுத்த பூப்பைக் கைப்பேசியிலும் எடுத்திருக்கக் கூடும். 2030இல் அடுத்த பூப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தச் சரிவில் பூ இருந்தது, எந்தச் சரிவில் இன்று கட்டடம் நிற்கிறது என்பது தெரியும். அத்தகைய நாடா யார் வீட்டிலேனும் இருந்தால், மழைக்காலம் தொடங்குமுன் எண்ணிம வடிவுக்கு மாற்றி, இடத்தையும் நாளையும் படத்திலுள்ளோர் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி உடன்வைக்குமாறு கேட்டுக் கொள்கிறோம்.