துப்பறியும் நாவலில் ஐயக் கிளவி: கல்யாண் வாசகர் கருத்துகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

துப்பறியும் நாவல்களைத் தமிழ் இலக்கிய வரலாறுகள் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. அவற்றைப் படித்தவர்கள் கூறிய கருத்துகளுக்கு அந்தச் சில வரிகளிலும் இடமில்லை. ஆயினும், ஒரு நாவலைப் படித்து முடித்தவர் 'கொலையாளி யாரென்று முதலிலேயே தெரிந்துவிட்டது' என்று கூறும்போது, அக்கூற்று சுவை பற்றிய தீர்ப்பு மட்டுமன்று. அந்நாவலின் மொழி எவ்விடத்தில் தன்னை அறியாமல் செய்தியை வெளியிட்டது என்பதற்கான சான்றுமாகும். இச்சான்றைத் தமிழின் பால், எண் காட்டும் விகுதிகளோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குக் கல்யாண் பொருத்தமான களமாகும். மும்பை நகரின் நடுவிலிருந்து 50 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவில் உள்ள இவ்வூருக்கு 1854இல் இருப்புப்பாதை வந்தது. புணே வழியாகத் தெற்கே செல்லும் பாதையும் நாசிக் வழியாக வடகிழக்கே செல்லும் பாதையும் இங்குப் பிரிகின்றன. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் முதலில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல, வீட்டு விலையும் வாடகையும் உயர்ந்தபோது டோம்பிவிலி, கல்யாண் போன்ற புறநகர்களுக்கு வந்து சேர்ந்தன. நாள்தோறும் நகருக்குச் சென்று திரும்பும் நீண்ட ரயில் பயணம், கையடக்க மாத நாவலுக்கு ஏற்ற வாசிப்பு நேரமாயிற்று. தமிழில் படித்து, மராத்தியிலும் இந்தியிலும் வெளியுலகோடு பேசும் வாசகர்கள் இவர்கள்.

இவ்வூர் வாசகர்களோடு உரையாடியபோது மூன்று கருத்துகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, 'முதலிலேயே தெரிந்துவிட்டது'. இரண்டு, 'ஆசிரியர் ஏமாற்றிவிட்டார்'. மூன்று, 'வேலைக்காரன் செய்திருக்க மாட்டான். அவனைத்தான் எல்லாரும் முதலில் சந்தேகப்படுகிறார்களே'. இவை கணக்கெடுப்பின் முடிவுகள் அல்ல. ஆய்வுக்கு வழிகாட்டும் குறிப்புகளாகவே இங்குக் கொள்ளப்படுகின்றன.

2. இலக்கண மரபில் ஐயம்

தமிழில் படர்க்கை வினைமுற்று, செய்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, உயர்திணையா அஃறிணையா என்பதை விகுதியால் காட்டிவிடுகிறது. 'கதவைத் திறந்தான்' என்று எழுதிய அளவிலேயே பாதிப் பேர் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகின்றனர். எனவே குற்றவாளியை மறைக்க விரும்பும் தமிழ் ஆசிரியர், முதலில் தம் மொழியின் விகுதிகளை மறைக்க வேண்டியவராகிறார்.

இச்சிக்கல் துப்பறியும் நாவலோடு பிறந்ததன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் ஐயம் பற்றிய விதிகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மக்கள் என்று அறிந்து, ஆணா பெண்ணா என்று அறியாதபோது பன்மையால் கூறுக என்பது ஒரு விதி. திணையே ஐயமாயின் உருவைக் குறிக்கும் பொதுச்சொல்லாலோ அஃறிணை வாய்பாட்டாலோ கூறலாம் என்பது அடுத்த விதி. தொலைவில் தெரிவது மரக்கட்டையா மனிதனா என்னும் ஐயத்தை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். ஐயம் நீங்கித் துணிந்த பின், அல்லாத பொருளை மறுத்துக் கூறும் முறையையும் அவ்வியல் சொல்கிறது.

ஐயம், ஐயத்தைச் சொல்லும் முறை, துணிவு என்னும் இவ்வரிசையே துப்பறியும் நாவலின் வரிசையும் ஆகும். மர்ம நாவல்களைப் படித்தவர்கள், நள்ளிரவில் மதிற்சுவர் ஏறிக் குதிக்கும் 'கறுப்பு உருவ'த்தை நன்கு அறிவர். அந்த உருவம் 'வந்தது', 'நின்றது', 'மறைந்தது'. ஒருபோதும் 'வந்தான்', 'வந்தாள்' என்று சொல்லப்படுவதில்லை. தேய்வழக்கு என்று திறனாய்வாளர் தள்ளும் இச்சொல், திணை ஐயத்துக்கு இலக்கணம் வகுத்துத் தந்த வழியில் வந்ததாகும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இலக்கணத்தில் ஐயம் கூறுவோனுடையது. நாவலில் கூறுவோனுக்கு உண்மை தெரியும், ஐயம் வாசகனுக்காக ஆக்கப்படுகிறது. 'ஏமாற்றிவிட்டார்' என்னும் வாசகர் புகார் இவ்விடத்தில்தான் தோன்றுகிறது.

3. தொடக்கக் காலம்: 1894 முதல் 1930கள் வரை

பண்டித ச.ம. நடேச சாஸ்திரியின் தானவன் என்னும் போலீஸ் நிபுணர் பற்றிய நூல் 1894இல் வெளிவந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக அச்சில் தோன்றி (1887) ஏழாண்டுகளே கழிந்திருந்தன. தொடர்ந்து ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இவ்வகையைப் பெருக்கினர். முதலியாரின் ஆனந்தசிங், ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூராரின் திகம்பர சாமியார் என ஒவ்வொருவருக்கும் ஒரு துப்பறிவாளர் அமைந்தார்.

இக்காலத்தில் நிலைபெற்ற கலைச்சொல் கவனிக்கத்தக்கது. திருக்குறள் ஒற்றாடலுக்குத் தனி அதிகாரம் வகுத்த மொழியில், 'ஒற்றன்' என்னும் சொல் ஆயத்தமாகவே இருந்தது. ஆயினும் புதிய கதைமாந்தருக்கு அது வழங்கவில்லை. ஒற்றன் அரசனுக்கு உரியவன். கொலையை ஆராய்பவரோ உண்மைக்கு உரியவர். 'துப்பறிதல்' என்னும் தொடர் இவ்விரு பணிகளையும் பிரித்தது. இந்தியின் 'ஜாசூஸ்', மராத்தியின் 'குப்தஹேர்' ஆகிய சொற்கள் ஒற்றனையும் துப்பறிவாளரையும் ஒருங்கே குறிப்பதை நோக்க, தமிழ் வாசகருலகம் செய்துகொண்ட இப்பாகுபாட்டின் அருமை விளங்கும்.

இக்கால நாவல்களின் முதன்மையான மறைப்பு உத்தி மாறுவேடம். கிழவி ஒருத்தி 'வந்தாள்' என்று கதைகூறுநர் சொல்வார். அடுத்த அதிகாரத்தில் அவள் துப்பறிவாளர் என்று தெரியவரும். வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' நாவலைத் தழுவி 1950இல் வெளிவந்த 'திகம்பர சாமியார்' படத்தில் எம்.என். நம்பியார் பல வேடங்களில் தோன்றியதும் இம்மரபின் தொடர்ச்சியே. இலக்கண நோக்கில் இது ஐயக் கிளவி அன்று. ஐயத்தை உணர்த்தாமல், பொய்யான பாலைத் துணிந்து கூறுவதாகும். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகள், துப்புகளை வாசகரிடமிருந்து மறைக்கலாகாது என்று வற்புறுத்தின. அவ்விதிகளைப் படித்திராத கல்யாண் வாசகரும் 'உருவம் வந்தது' என்பதை ஏற்றுக்கொள்கிறார். 'கிழவி வந்தாள்' என்பதை ஏமாற்று என்கிறார். மறைப்புக்கும் பொய்க்கும் இடையிலான எல்லையை அவர் விகுதியைக் கொண்டே வரைகிறார்.

1930களின் பிற்பகுதியில் தழுவல் பற்றிய விவாதம் எழுந்தது. புதுமைப்பித்தன் தழுவலைக் கடுமையாக எதிர்த்தார். அவ்விவாதம் பிறநாட்டுக் கதை தமிழ்நாட்டு உடை உடுத்தலாமா என்பதையே மையமாகக் கொண்டது. ஆங்கில வினை காட்டாத பாலைத் தமிழ் வினை காட்டும்போது கதையின் புதிர் என்னாகும் என்பது தனியே ஆராயப்படவில்லை.

4. 'ர்' விகுதியிலிருந்து 'ன்' விகுதிக்கு

தமிழ்வாணனின் சங்கர்லால் 'வந்தார்', 'தேநீர் அருந்தினார்' எனச் சிறப்புப் பன்மையிலேயே நடமாடினார். கதைகூறுநர் யாருக்கு 'ர்' கொடுக்கிறார், யாருக்கு 'ன்' கொடுக்கிறார் என்பது அத்தகைய நடையில் ஒரு மதிப்பீடாகும். செல்வரும் முதியவருமான ஒரு பாத்திரத்தைக் கதைகூறுநர் தொடக்கத்திலேயே 'அவன்' என்று சுட்டினால், கூர்ந்து படிப்பவர் அவரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடுவார். 'முதலிலேயே தெரிந்துவிட்டது' என்னும் தீர்ப்புக்கு இலக்கணக் காரணம் இருக்கக்கூடும் என்று கருதுவதற்கு இதுவே அடிப்படை.

1968இல் குமுதம் இதழில் தொடராக வந்த சுஜாதாவின் 'நைலான் கயிறு' இந்நிலையை மாற்றிய படைப்புகளுள் ஒன்று. அதில் அறிமுகமான வழக்கறிஞர் கணேஷும், பின்னர் அவரோடு சேர்ந்த வஸந்தும் 'என்றான்', 'சிரித்தான்' என ஒருமையில் எழுதப்பட்டனர். துப்பறிபவரே 'ன்' விகுதி பெற்றதும், அவ்விகுதி இழிவுக் குறிப்பை இழந்து அண்மைக் குறிப்பாயிற்று. விகுதியைக் கொண்டு குற்றவாளியைக் கணிக்கும் வழி அடைபட்டது. 1980களில் மாத நாவல்கள் பெருகியபோது ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் ஆகியோரும் இவ்வழியிலேயே வந்தனர். 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ராஜேஷ்குமார் இரு தனிக் கதைகளை இணையாக நடத்தி இறுதியில் சேர்க்கும் உத்தியைப் பெரிதும் கையாண்டார். ஆள் யார் என்னும் மறைப்போடு, இரு கதைகளுக்கும் என்ன தொடர்பு என்னும் மறைப்பும் அங்கே சேர்ந்துகொண்டது.

பேச்சுத்தமிழ் உரையாடல் பெருகியது மற்றொரு சிக்கலைத் தந்தது. எழுத்துத்தமிழில் 'அவர் வந்தார்' என்பது இருபாற்கும் பொது. பேச்சில் 'அவரு' என்பது பெரும்பாலும் ஆணையே குறிக்கும். பெண்ணுக்கு 'அவங்க' என்பதே இயல்பு. ஆகவே கதைகூற்றில் காக்கப்படும் மறைபொருள் உரையாடலில் வெளிப்பட்டுவிடும். இங்கு ஆசிரியர்களுக்கு உதவுவது பிளவு வாக்கியம். 'கொலை செய்தவன் யார்?' என்பது பாலைக் காட்டிவிடுகிறது. 'கொலை செய்தது யார்?' என்பது காட்டுவதில்லை. 'யார்' என்னும் வினாப்பெயரும் பால் பொதுமையுடையது. ஆகவே, பேச்சிலும் எழுத்திலும் இவ்வாக்கியம் எந்தச் செயற்கையும் இன்றி வழங்க முடிகிறது.

5. யார் 'அவன்' ஆகிறார்?

'ன்' விகுதி எல்லாருக்கும் பொதுவாகிவிடவில்லை. விசாரணைக் காட்சிகளில் வீட்டு முதலாளியை 'நீங்கள்' என்றும், சமையற்காரரையும் காவற்காரரையும் ஓட்டுநரையும் 'நீ' என்றும் காவல் அதிகாரி விளிப்பதைத் தமிழ்க் குற்றப் புனைவுகளில் எளிதாகக் காணலாம். வயதில் மூத்த காவற்காரரைக் கதைகூறுநரும் 'அவன்' என்றே சுட்டுவதுண்டு. கணேஷுக்குக் கிடைக்கும் 'ன்' நட்பின் அடையாளம். காவற்காரருக்குக் கிடைக்கும் 'ன்' தொழிலின் அடையாளம். வடிவம் ஒன்று, பொருள் இரண்டு.

மூன்றாம் வாசகர் கருத்தின் முழுப்பொருள் இங்குப் புலப்படும். 1966இல் சிவசேனை தோன்றிய பின், அப்பத்தாண்டின் இறுதியில் தென்னிந்தியர்க்கு எதிரான பரப்புரை மும்பையில் வலுப்பெற்றது. உடையையும் பேச்சையும் கொண்டே ஒருவரை அயலார் எனக் குறிப்பதன் விளைவைத் தமிழர் அறிந்தனர். தாராவிப் பின்னணியில் அமைந்த 'நாயகன்' திரைப்படம் 1987இல் வந்தபின், மும்பைத் தமிழர் என்றால் குற்ற உலகம் என்னும் எளிய சமன்பாடும் பரவியது. இவ்வனுபவம் உடைய சமூகத்தில், நாவலின் காவற்காரரை முதலில் விடுவிக்கும் வாசகர் புனைவு உத்தியை மட்டும் கணிக்கவில்லை. சந்தேகம் ஆராய்ச்சிக்கு முன்பே விளிச்சொல்லில் தொடங்கிவிடுகிறது என்பதை அவர் அறிந்திருக்கிறார். தக்க விசாரணையின்றி அயலூரானைக் கொன்ற தீர்ப்பையும், பரல் முத்தா மாணிக்கமா என்னும் தடயத்தால் அது பொய்த்ததையும் காப்பியமாக்கிய மொழி தமிழ் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

6. மொழிபெயர்ப்பில் நிகழ்வது

தமிழில் தன்மை வினை பால் காட்டாது. 'சென்றேன்' என்பவர் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கலாம். எனவே அகதா கிறிஸ்டி 1926இல் 'ரோஜர் அக்ராய்ட்' நாவலில் கையாண்டது போன்ற தன்மைக்கூற்றுக் கதைகள் தமிழுக்கு எளிதில் வரும்; கூறுநரின் பாலையே மறைத்து எழுதவும் தமிழில் இடமுண்டு. மராத்தியிலோ, 'நான் சென்றேன்' என்பதை ஆண் 'மீ கேலோ' என்றும் பெண் 'மீ கேலே' என்றும் கூறுவர். ஆயினும் 'நான் கொலை செய்தேன்' என்பது இருபாற்கும் 'மீ கூன் கேலா' என்றே அமையும். செயப்படுபொருள் குன்றாவினையின் இறந்தகால முற்று அங்குச் செயப்படுபொருளோடு இயைவதே காரணம். சென்றதைச் சொன்னால் பால் தெரிகிறது. கொன்றதைச் சொன்னால் தெரிவதில்லை. இந்தியிலும் இந்நிலையே.

படர்க்கையில் இடர்ப்பாடு மிகும். தமிழின் 'அவர் வந்தார்' மராத்தியில் ஆணாயின் 'தே ஆலே', பெண்ணாயின் 'த்யா ஆல்யா'. மரியாதைப் பன்மையிலும் பால் வேறுபாடு உண்டு. ஆதலின் தமிழ் மூலம் மறைத்ததை மராத்தி மொழிபெயர்ப்பாளர் தம்மை அறியாமல் வெளியிட்டுவிடக்கூடும். இதற்கு அம்மொழியிலேயே ஒரு தீர்வு உள்ளது. ஆள் என்னும் பொருளுடைய 'வ்யக்தீ' இலக்கணப்படி பெண்பாற் சொல். ஆணைக் குறித்தாலும் வினை பெண்பாலிலேயே வரும். 'உருவம்' தமிழில் செய்யும் பணியை இச்சொல் மராத்தியில் செய்யவல்லது.

ஆங்கிலத்தில் இழப்பு வேறுவகையானது. ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகம் 2008இல் வெளியிட்ட வெகுசன நாவல் தொகுப்பு, இவ்விலக்கியத்தைத் தமிழ் அறியாதாரிடம் கொண்டுசேர்த்தது. உருவத்தை ஆங்கிலத்தில் உருவமாகவே வைக்க இயலும். 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டை முன்னிலைப் பெயரால் காட்ட இயலாது. விளிப்பெயர், வாக்கியத் தொனி ஆகியவற்றால் ஈடுசெய்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின் விசாரணைக் காட்சியின் சமூகப்பொருள் மறைந்து, வினாவும் விடையும் மட்டுமே எஞ்சும்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: துப்பறியும் நாவலின் மறைப்பு உத்திகள் தமிழின் ஐயக் கிளவி மரபோடு இயைந்தவை. 'ர்' விகுதியிலிருந்து 'ன்' விகுதிக்கு நிகழ்ந்த மாற்றம் இவ்வகையின் வரலாற்றில் ஒரு திருப்பம். அம்மாற்றம் எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒருபடித்தாகச் சென்று சேரவில்லை. வாசகர் கருத்துகள் இம்மூன்றையும் உணர்ந்தே எழுந்தவை.

இம்முடிவுகளை விரிவான தரவுகொண்டு சோதிக்க வேண்டும். அத்தரவோ ரயிலில் படித்து அங்கேயே விட்டுச்செல்லப்படும் தாள்களில் உள்ளது. 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை பழைய வெகுசன நூல்களைப் பேணி வருகின்றன. மாத நாவல்களும் அவ்வாறு முழுமையாகச் சேர்க்கப்பட்டு, சொற்றொகுதிகளிலும் அகராதித் தரவுகளிலும் இடம்பெறுதல் வேண்டும். ஒரு மொழி யாரைச் சந்தேகிக்கிறது, யாரை மதிக்கிறது என்பதைச் செவ்விலக்கியத்தைவிட நேரடியாகக் காட்டும் உரைநடை அது.